மூணு சிட்டிங்கில் கண்ணாடிச் சருமம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது என் தோல் கிளினிக். படை, பொடுகு, முகப்பரு, சொரியாசிஸ் என்று வருபவர்கள்தான் அதிகம். லேசர் மெஷின் ஒன்றும் இருக்கிறது. அதற்கு மாதத் தவணையும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டர் “லேசர் வேண்டாம்” என்று சொல்வதிலும் “செய்யலாம்” என்று சொல்வதிலும் பணக்கணக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஐந்தாறு வருடங்களாக ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் “கன்னத்துல கருப்பா இருக்கு, என்ன செய்யலாம்?” என்று வருவார்கள். இப்போது சிகிச்சையின் பெயரோடு வருகிறார்கள். “கார்பன் லேசர் ஒரு சிட்டிங் எவ்வளவு?” “குளூட்டாதயோன் ட்ரிப் போடுவீங்களா?” நோய் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. அது வீட்டில், போனிலேயே முடிந்துவிட்டது.

இங்கே சொல்லப்போகும் பெண்ணுக்கு அப்போது 27 வயது. ஒரு நிதி நிறுவனத்தில் கேஷ் கவுண்டரில் வேலை. மாநிறம். நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை: எட்டு நிமிடம்

2023 ஆகஸ்ட் கடைசி வாரம். அம்மாவோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். ஒரு ரீல். “மூணு சிட்டிங்கில் கண்ணாடிச் சருமம்” என்ற எழுத்து மட்டும் கண்ணில் பட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. “அதெல்லாம் சும்மாம்மா, நம்பாதீங்க” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா சொன்னார்: “நிச்சயதார்த்த போட்டோவப் பாத்துட்டு மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர், பொண்ணு நேர்ல கலர் கம்மியா இருக்கேன்னு கேட்டுட்டாங்க மேடம். கொஞ்சம் கலர் கூட்டிக் குடுங்க.” போட்டோவில் நிறத்தைத் தூக்கியது ஸ்டூடியோக்காரர். அந்தக் கணக்கை நேர் செய்ய வேண்டிய பொறுப்பு பெண்ணின் கன்னத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

முகத்தில் நான் பார்த்தவை: இரு கன்னங்களிலும் மங்கலான சிவப்பு, மூக்கோரத்தில் நூல்போல ரத்த நாளங்கள், தாடை ஓரம் பூனைமுடி கூடுதல், நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியான பருக்கள். வெயிலில் போனால் முகம் எரிகிறது என்றார். தோல் மருத்துவம் படித்த யாருக்கும் இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டு க்ரீம்தான் நினைவுக்கு வரும். “என்ன க்ரீம் போடறீங்க?” என்று கேட்டேன். “சாதாரண நைட் க்ரீம்தான் மேடம், ஹெர்பல்.” நோயாளிக் குறிப்பில் “ஸ்டீராய்டு?” என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறியோடு நின்றுவிட்டேன். டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை.

லேசர் வேண்டாம் என்றேன். குளூட்டாதயோன் ஊசி தோல் நிறத்துக்காக அனுமதி பெற்ற மருந்து இல்லை, அதற்கு உறுதியான சான்றும் இல்லை என்றேன். சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசர், பருவுக்கும் கருமைக்கும் ஒரு அசலாயிக் ஆசிட் க்ரீம் எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மொத்தம் எட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் சொன்னதில் மருத்துவத் தவறு ஏதுமில்லை. ஆனால் அவர் கேட்டு வந்ததற்குப் பதில் கிடைக்கவில்லை. “மேடம் முடியாதுன்னுட்டாங்க” என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இடையில் நடந்தது

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் எழுதிக் கொடுத்த அசலாயிக் ஆசிட் எரிச்சலாக இருந்ததால் நான்கு நாளில் நிறுத்திவிட்டார். பழைய நைட் க்ரீமைத் தொடர்ந்தார். அக்டோபரில், கல்யாணப் பெண்களுக்கான பேக்கேஜ் என்று விளம்பரம் செய்த உள்ளூர் பார்லர் ஒன்றில் ‘மெடிக்கல் பீல்’, அதாவது ஆசிட் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது, செய்துகொண்டார். அந்தப் பார்லரும் ரீல் வழியாகத்தான் தெரியவந்தது.

பாட்டிலில் டிசிஏ 30 சதவீதம் என்று போட்டிருந்ததாக நினைவு வைத்திருந்தார். டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட்தான் அது. நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் 30 சதவீதம் என்பது பழகிய கைகளே யோசித்துத் தொடும் அளவு. “பூசினதும் முகம் வெள்ளை பூத்த மாதிரி ஆச்சு மேடம். எரியுதுன்னு சொன்னேன். அக்கா, எஃபெக்ட் வருதுன்னு சொல்லிட்டு இன்னொரு கோட் அடிச்சாங்க.” அந்த வெள்ளை, தோலின் புரதம் உறைந்ததால் வருவது. கிளைகாலிக் ஆசிடை நடுவில் முறித்து நிறுத்த முடியும். டிசிஏ அப்படியில்லை. வெள்ளை பூத்துவிட்டால் அது தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் இன்னொரு கோட்.

இரண்டாம் வருகை

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு வந்தார். பீல் செய்து நான்காம் நாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார். அறைக்குள் வந்ததும் அவர் முதலில் சொன்னது, “ஃபேன ஆஃப் பண்ணுங்க மேடம்.” காற்று பட்டாலே எரிந்தது.

இரு கன்னங்களிலும் கரும்பழுப்புப் பொருக்கு. இடது தாடையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பொருக்கு பிய்ந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. சீக்கிரம் உரியட்டும் என்று அவரே பிய்த்திருக்கிறார். கண்ணிமைகளில் லேசான வீக்கம். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. அக்கிக் கொப்புளம் போல ஏதும் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

இந்த முறை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். அதில் இரண்டு பொருள்கள் முக்கியம்.

ஒன்று, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெடினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த ட்யூப். மங்கு எனப்படும் முகக் கருமைக்கு, சில வாரங்களுக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டியது. இந்தச் சேர்க்கைக்கு மூல வடிவத்தை 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் க்ளிக்மனும் வில்லிஸும் வெளியிட்டார்கள். நம் ஊரில் அது ‘வெள்ளை ஆகிற க்ரீம்’ என்று புழங்குகிறது. 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. இவர் சீட்டு இல்லாமல்தான் ஒன்பது மாதமாக வாங்கியிருந்தார். ரீலில் வந்த பெயரை மெடிக்கல் ஷாப்பில் காட்டினால் போதுமாக இருந்தது.

இன்னொன்று, லேபிளே இல்லாத ஒரு வெள்ளை டப்பா. மூடியில் பேனாவால் ‘நைட்’ என்று எழுதியிருந்தது. உள்ளே வெளிர்மஞ்சள் க்ரீம். இன்ஸ்டாகிராமில் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுத்து, கூரியரில் வந்தது. தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், தேதி எதுவும் கிடையாது. ‘ஹெர்பல்’ என்று எனக்குச் சொன்னது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. விற்றவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆக, ட்ரெடினாயினும் ஸ்டீராய்டும் மாதக்கணக்கில் மெலியவைத்த தோலின் மேல் 30 சதவீத டிசிஏ. பீலுக்கு முந்தைய இரவுகூட இரண்டையும் போட்டிருக்கிறார். எதையும் நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை என்பதால் பார்லரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் புண். எல்லா க்ரீம்களையும் நிறுத்தினேன். உப்புநீர் ஒத்தடம், வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, வலிக்கு பாரசிட்டமால். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, கிருமித் தொற்று இல்லாத புண்ணுக்கு அது தேவையில்லை. பொருக்கைப் பிய்க்கக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னேன், அம்மாவிடம் தனியாக இன்னொரு முறை.

அடுத்து டப்பா. அந்தச் சமயத்தில்தான் கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லிலிருந்து, சிவப்பழகு க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு என்ற செய்தி வந்திருந்தது. பின்னால் அதை ஆய்வாகவும் வெளியிட்டார்கள். மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ள 22 பேரில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகை. அந்த 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட க்ரீம் போட்டதாக ஒப்புக்கொண்டவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். நம் நாட்டு 2020 அழகுப்பொருள் விதிகளின்படி முகக் க்ரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் லேபிளே இல்லாத டப்பாவை எந்த விதியைக் கொண்டு அளப்பது? ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தெரிந்தால் உடனே வரச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஸ்டீராய்டு. இதில்தான் ஒரு நாள் யோசித்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் முகம் பொங்கும். சிவப்பு, எரிச்சல், பரு எல்லாம் முன்பைவிட மோசமாக வரும். மெதுவாகக் குறைத்தால், “பாருங்க, டாக்டரும் அதே மருந்தைத்தான் தர்றாங்க” என்ற எண்ணம் வந்துவிடும். பத்தாம் நாள் புண் ஆறியிருந்தது. அன்று முதல், டெசோனைட் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதோடு நிறுத்தம். காரணத்தையும் நிறுத்தும் தேதியையும் எழுதிக் காலண்டரில் ஒட்டச் சொன்னேன். அதன் பிறகு இரவில், ஸ்டீராய்டு இல்லாமலே அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் 0.03 சதவீதப் பூச்சு, கூடவே சிவப்பையும் பருவையும் அடக்க ஆறு வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. டாக்ஸிசைக்ளின் வெயிலில் தோலைக் கூடுதலாகச் சிவக்க வைக்கும் என்பதால் சன்ஸ்க்ரீனை விடக் கூடாது.

லேசர் கிடையாது. குறைந்தது ஆறு மாதத்துக்கு எந்த பீலும் கிடையாது. கார்பன் லேசர் என்பது கரித்தூள் கலந்த லோஷனைப் பூசி, 1064 நானோமீட்டர் அலைநீள லேசரால் அதைச் சுடுவது. நல்ல தோலில்கூட நம் நிறத்துக்கு அளவு தப்பினால் கருமை படியும். இந்தத் தோலில் அதை நினைக்கவே கூடாது.

ரீலை உட்கார்ந்து பார்த்தது

ஐந்தாம் நாள் மறுபார்வைக்கு வந்தபோது, கடைசி நோயாளியாக வரச் சொல்லியிருந்தேன். “அந்த ரீலை எடுங்க, சேர்ந்து பாக்கலாம்” என்றேன். ஆகஸ்டில் செய்திருக்க வேண்டிய வேலை. 38 வினாடி. நான்கு முறை பார்த்தோம்.

முதல் தடவை எதுவும் தெரியவில்லை. எனக்கே அந்தத் தோல் அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை, பேசுபவரின் கண்ணுக்குள் இரண்டு வெள்ளை வளையம் தெரிகிறது என்று இவர்தான் காட்டினார், ரிங் லைட். மூன்றாம் தடவை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டோம். பேசுபவர் முடியை ஒதுக்கக் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோகிறார். கை கடக்கும் அந்தக் கணத்தில் மட்டும், உதட்டுக்கு மேலே ஒரு மச்சம் தெரிகிறது. கை விலகியதும் மச்சம் இல்லை. ஃபில்டர் ஒரு கணம் முகத்தைத் தவறவிட்டிருக்கிறது.

“மேடம், மச்சம் போயிருச்சு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நான்காம் முறை ஓடவிட்டு, விளக்கக் குறிப்பில் கடைசி வரியில் இருந்த ‘பெய்ட் பார்ட்னர்ஷிப்’ என்ற எழுத்தைக் கண்டுபிடித்தார். உடல்நலம் பற்றிப் பேசுகிறவர் தன் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் அதே 2023 ஆகஸ்டில் விதியைத் திருத்தியிருந்தது. அந்த ரீலில் பேசுகிறவர் என்ன படித்தார் என்று எங்கும் இல்லை.

அப்புறம் அவருடைய செல்ஃபிகளைப் பார்த்தோம். ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கும் பெரிது என்று அவருக்கு ஒரு தனிக் குறை இருந்தது. அதை அன்றுதான் சொன்னார். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேமராவத் திறந்து முகத்தைப் பாக்கறீங்க?” என்று கேட்டேன். “எண்ணினதில்ல மேடம். கவுண்டர்ல ஆள் இல்லாதப்பல்லாம்.”

இந்தப் பதில் என்னை நிறுத்தியது. தோற்றத்தில் குறை இருப்பதாக ஓயாமல் வதைபடும் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்ற நிலை உண்டு. அப்படிப்பட்டவருக்கு எந்த அழகுச் சிகிச்சை செய்தாலும் மனம் ஆறாது. அதற்கான கேள்விகளைக் கேட்டேன்: நாளில் எவ்வளவு நேரம் இதே நினைப்பு, வேலைக்கு லீவு போடுகிறாரா, விசேஷங்களுக்குப் போகாமல் இருக்கிறாரா, தூக்கம் எப்படி, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றியதுண்டா. விளிம்பில் இருக்கிறார் என்றுதான் பட்டது. கல்யாணப் பேச்சு தொடங்கும் முன் இந்தக் கவலை இல்லை என்பது ஒரு ஆறுதல். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றதும் அம்மா எழுந்தே விட்டார்: “கல்யாணம் நிச்சயமான பொண்ணு மேடம்!” நான் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்னிடமே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். அது சரியான மாற்றா என்று இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு.

தீபாவளி வாரம்

டெசோனைட்டை நிறுத்திய நாலாம் நாள் முகம் பொங்கியது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். இரவு பத்தரைக்கு நர்ஸின் எண்ணுக்கு ஒரு போட்டோ, அதன் கீழே ஒரே வரி: “பழைய டப்பா இருந்தா குடுங்க அக்கா, கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திடறேன்.” டப்பாவை நாங்கள்தான் வாங்கி வைத்திருந்தோம்.

இப்படி ஒன்று வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நர்ஸ் எனக்குப் போன் போட, நான் அந்த அம்மாவிடம் பேசினேன். ஐஸ்நீர்த் துணி ஒத்தடம், டாக்ரோலிமஸை ஃப்ரிட்ஜில் வைத்துப் போடுவது, மறுநாள் காலையில் நேரில் வருவது. வந்தார். அழுதார். ஐந்து நாள் லீவுக்குச் சான்றிதழ் கொடுத்தேன். முகம் பொங்கியது அடங்கப் பன்னிரண்டு நாள் ஆனது. டிசம்பரில் இன்னொரு முறை சிறிதாக வந்து போயிற்று.

விளைவு

பிப்ரவரி முதல் வாரம் கல்யாணம் நடந்தது. மூன்று வாரம் முன்பே மேக்கப் பொருள்களைக் காதுக்குப் பின்னால் போட்டு, ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். மேக்கப் செய்யும் பெண்ணிடம் பேச வேண்டும் என்று நான் கேட்டபோது இவர் சிரித்தார். ஆனால் அந்தப் பெண் மிகுந்த பொறுப்போடு கேட்டுக்கொண்டார். இதுவும் நான் எதிர்பாராதது.

ஏழாம் மாதப் பரிசோதனையில்: சிவப்பும் பருவும் இல்லை. எரிச்சல் இல்லை. பீலால் வந்த கருமை முக்கால்வாசி போய்விட்டது. சிறுநீர்ப் பரிசோதனை இரண்டாம் முறையும் சுத்தம். இடது தாடையில், அவர் பொருக்கைப் பிய்த்த இடத்தில், ஒரு வெளிறிய தழும்பு தங்கிவிட்டது. மூக்கோரத்து நாளங்களும் அப்படியேதான். அந்தத் தழும்பு மறையும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கலர் பற்றிய கவலையும் போய்விடவில்லை. கேமராவைத் திறப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. “இப்ப தினமும் பாக்கறதில்ல மேடம், ஏதாச்சும் ஃபங்ஷன்னா பாப்பேன்.”

இன்று வந்தால் என்ன செய்வேன்

ஆகஸ்டிலேயே ரீலைப் பார்த்திருப்பேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நோயாளி நீட்டும் போனைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால், அவர் என்ன ஆசையோடு வந்தார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த கடையைத் தேடிப் போவார். “லேசர் இப்போ வேண்டாம், பிப்ரவரிக்குள்ள நாம இதைச் செய்யலாம்” என்று தேதிபோட்டு ஒரு வழியைக் காட்டியிருந்தால் அவர் பார்லருக்குப் போயிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போகாமலிருக்க ஒரு காரணமாவது கையில் இருந்திருக்கும்.

“என்ன க்ரீம் போடறீங்க?” என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் “சாதாரண க்ரீம்” என்றுதான் சொல்கிறார்கள். இப்போது “எங்க வாங்கினீங்க, எவ்வளவு கொடுத்தீங்க, ரெண்டு நாள் போடலைன்னா முகம் எப்படி ஆகும்?” என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு “சிவந்துடும்” என்று பதில் வந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. செலவை யார் ஏற்பது என்ற பேச்சிலேயே நாள் போய், பிறகு விட்டுப்போயிற்று. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அப்போதே புகார் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுப்பதற்குள் விற்றவரின் இன்ஸ்டாகிராம் கணக்கு மூடப்பட்டிருந்தது. சில வாரத்தில் வேறு பெயரில், அதே வெள்ளை டப்பாக்களின் படத்தோடு ஒன்று தென்பட்டது. அதே ஆளா என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

மனநல ஆலோசனையை அழகுச் சிகிச்சை கேட்டு வருகிற எல்லோரிடமும் வழக்கமான கேள்விகளோடு சேர்த்தே பேசுகிறேன். அந்த அம்மாவிடம் நடுவில் திடீரென்று எடுத்ததால்தான் அது பழி சுமத்துவதுபோல் கேட்டது.

முன்பதிவு செய்யும்போதே எங்கள் ரிசப்ஷனில் இப்போது சொல்லிவிடுகிறார்கள்: முகத்துக்குப் போடுவது எதுவாக இருந்தாலும், சோப்பு முதற்கொண்டு, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த பையில் பதினோரு பொருள்கள் இருந்தன. அதில் மூன்று அவனுடைய அக்காவுடையவை. அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.